அஞ்சடி நாலு அங்குலத்தில் ஒரு சிவப்புக் கோடு

என் கையிலிருந்து பந்தைப் பிடுங்கியவர் நீங்கள்தான், சார். இருபத்து நாலு வருஷம் கழித்து என் மகள் கையிலிருந்தும் பிடுங்கினீர்கள். இரண்டு தடவையும் ஒரே காரணம் சொன்னீர்கள்: உயரம் பத்தாது. அது தப்பு என்று இப்போது உங்களுக்குத் தெரியும். தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதற்குமேல் அவரிடம் நேராகப் பேச இப்போதைக்கு எனக்குப் பொறுமை இல்லை. படிக்கிறவர்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன். பள்ளியின் பெயரை எழுதவில்லை. எங்கள் விளையாட்டு ஆசிரியரான அவர் பெயரையும் எழுதவில்லை. அம்பத்தூரில் அந்தப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் பெயர் தேவைப்படாது. ‘பி.டி. சார்’ என்றால் போதும், முதுகு தானாக நிமிரும்.

சாஃப்ட்பால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் மட்டைக்காரிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிறவள் கேட்சர். பந்து வீசுகிறவளுக்கு பிட்சர் என்று பெயர். கையைத் தோளிலிருந்து ஒரு முழு வட்டம் சுற்றி, தொடையை ஒட்டிக் கீழிருந்து பந்தை விடவேண்டும். ஆட்டம் அவள் கையில்தான் இருக்கிறது. மற்ற எட்டுப் பேரும் அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள். கல்லூரிகளிலிருந்து ஆள் எடுக்க வருகிறவர்களும் முதலில் அவளைத்தான் பார்ப்பார்கள். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் நாலு வருஷப் படிப்பு கவலையில்லாமல் முடியும். எங்கள் வீடுகளில் அது சின்ன விஷயம் இல்லை.

எங்கள் பள்ளியில் பிட்சரைத் தேர்ந்தெடுக்க ஒரு முறை இருந்தது. மாடிப்படிக்குக் கீழே ஒரு தாழ்வான அறை, அதுதான் விளையாட்டுச் சாமான் அறை. உள்ளே சுவரில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு. தரையிலிருந்து அஞ்சடி நாலு அங்குலம். ஒவ்வொரு ஜூன் மாதமும் பெண்கள் வரிசையாகப் போய் அந்தச் சுவரில் முதுகை ஒட்டி நிற்கவேண்டும். அணித் தலைவி மர ஸ்கேலைத் தலைமேல் படுக்கவைத்துப் பார்த்து, ‘மேல’ அல்லது ‘கீழ’ என்று கத்துவாள். சார் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பதிவேட்டில் பெயருக்கு நேரே அதை எழுதுவார். எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று எழுதமாட்டார். மேல், கீழ். அவ்வளவுதான். மேல் என்றால் பிட்சர் பயிற்சி. கீழ் என்றால் மற்ற எந்த இடமும். ஒருத்தியும் பந்தை வீசிக் காட்டவேண்டிய அவசியமே இல்லை. பந்து வீச ஆள் எடுப்பதற்கு, பந்து வீசிப் பார்ப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தார்கள்.

நான் ஒன்பதாவது படித்தபோது அஞ்சடி அரை அங்குலம். இப்போதும் அதேதான், எனக்கு வளர்ச்சி சீக்கிரமாக முடிந்துவிட்டது. உயரம் குறைவு, மற்றதெல்லாம் தாராளம். கனத்த இடுப்பு, தூண் மாதிரி தொடை. தலைவி ‘கீழ’ என்று கத்தினாள். நான் வெளியே வந்து, ஒரே ஒரு பந்து போட்டுக் காட்டுகிறேன் சார் என்றேன். அவர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“உரலுக்கு எதுக்கும்மா பந்து? போய் கேட்சரா உக்காரு. உக்கார்றதுக்குன்னே செஞ்ச உடம்பு.”

வரிசையே சிரித்தது. அன்றிலிருந்து பள்ளி முடிகிறவரை என் பெயர் உரல்.

உயரம் உதவாது என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னால் நானும் அவரைப் போலவே ஆகிவிடுவேன். கை நீளமாக இருந்தால் வட்டம் பெரிதாகும், பந்து வேகமாகப் போகும். கால் நீளமாக இருந்தால் முன்னால் பாய்கிற அடி நீளும், பந்தை விடுகிற இடம் மட்டைக்காரிக்கு இன்னும் கிட்டத்தில் வரும், அவளுக்கு யோசிக்க நேரம் இருக்காது. இதெல்லாம் உண்மை. ஆனால் அந்த நீளமான கையைச் சுற்றுவது கை இல்லை. பின்காலின் உதை, தொடை, இடுப்பு வெட்டித் திரும்புவது, கடைசியில் மணிக்கட்டின் சொடுக்கு. இவை இல்லாவிட்டால் நீளமான கை, காற்றில் ஆடுகிற கொடிக்கயிறு. இவை இருந்தால் குட்டைக்கை வேகமாகச் சுற்றும். குள்ளமானவள் விடுகிற பந்து தரைக்குப் பக்கத்திலிருந்து கிளம்பும். முழங்கால் உயரத்தில் வருகிறது என்று மட்டைக்காரி குனிவாள், அது அவள் மார்புக்கு ஏறியிருக்கும். சாருக்கு இது தெரிந்திருக்கவேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

என் வகுப்பில் என் தோழி ஒருத்தி இருந்தாள். ஒன்பதாவதிலேயே அஞ்சடி எட்டு அங்குலம். அவளுக்குப் பெயர் கொக்கு. அவளுக்குப் பிட்சர் ஆக ஆசையே இல்லை. முகமூடி, மார்புக் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு கேட்சராக உட்காரவேண்டும் என்பதுதான் அவள் ஆசை. கோடு அவளை ‘மேல’ என்றது. என்னை ‘கீழ’ என்றது. அவள் பிட்சர், நான் கேட்சர். இரண்டு பேரையும் மாற்றி உட்காரவைத்துவிட்டு, மூன்று வருஷம் அணி ஏன் தோற்கிறது என்று சார் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

கொக்குக்கு மணிக்கட்டில் பிழிந்த துணி அளவுக்குத்தான் உறுதி. அவள் போடுகிற பந்து எங்கே போகும் என்று அவளுக்கே தெரியாது. நாலு பந்து மட்டைக்கு எட்டாமல் போனால் மட்டைக்காரி சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போகலாம்; நாலு பேஸும் சுற்றி வந்தால் ஒரு ஓட்டம். ஆவடிப் பள்ளி ஒன்றோடு நடந்த ஆட்டத்தில், அந்தப் பெண்கள் மட்டையைச் சுற்றாமலேயே, கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி நடந்தே நாலு ஓட்டம் எடுத்தார்கள். அந்த ஆட்டத்தில்தான் ஒரு பந்து தரையில் குத்தி என் வலது கை மோதிர விரலை ஒடித்தது. அது இன்றைக்கும் கோணல்தான். கல்லூரியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கொக்கின் உயரத்தைப் பார்த்துப் பூரித்தார்கள். அவள் போட்ட பந்தைப் பார்த்தார்கள். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவளுக்கும் இடம் இல்லை, எனக்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எங்களுக்குச் சரியான வேலை கிடைத்தது. வெள்ளானூரில் என் மாமா வீட்டுக்குப் பக்கத்தில் மனை போட்டு மஞ்சள் கல் நட்டிருந்தார்கள். முப்பதுக்கு நாற்பது மனை. கல்லுக்குக் கல் நாற்பது அடி. எங்கள் வயதுக்கு பிட்சர் நிற்கவேண்டிய தூரமும் நாற்பது அடி. மனை விற்கிறவர் எங்களுக்காகவே அளந்து நட்டது போல இருந்தது. ஒரு கல்லில் நான் நிற்பேன், எதிர்க் கல்லில் கொக்கு உட்காருவாள். என் பந்து அவள் கையுறையில் விழுகிற சத்தத்துக்கு நாய்கள் எழுந்து ஓடும்.

“இன்னாடி உரலு, ஊடு இடியுது. மெதுவா போடு” என்பாள். அடுத்த பந்துக்குக் கையை அவளே இன்னும் முன்னால் நீட்டுவாள்.

இப்போது அந்தக் கல் இரண்டின் மேலும் வீடு வந்துவிட்டது. போகட்டும்.

பள்ளி முடிந்ததும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். இருபது வருஷமாகத் தர சோதனையில் இருக்கிறேன். வண்டிகளுக்குப் போகிற சின்னச் சின்ன உருளைகளை அளந்து, சரியானதைப் பச்சைப் பெட்டியிலும் தப்பானதைச் சிவப்புப் பெட்டியிலும் போடுவது என் வேலை. முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். பொருளைத் தள்ளுவதற்கு முன்னால், அளக்கிற கருவியின் பூஜ்யம் எங்கே இருக்கிறது என்று பார். கருவி தப்பு என்று தெரிந்தால் உடனே எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டவேண்டும். கடைசியாகக் கருவி சரியாக இருந்த நாளிலிருந்து அளந்த எல்லாவற்றையும் திரும்ப எடுக்கவேண்டும். அதற்காக யாரையும் திட்டமாட்டார்கள். ஆனால் ஒட்டாமல் மறைத்தால் வேலை போய்விடும்.

என் மகளும் அதே பள்ளிக்குத்தான் போனாள். பக்கத்தில் இருக்கிறது, வேறு காரணம் இல்லை. பந்தை அவளிடம் நான் நீட்டவில்லை, என் பழைய கையுறையை அவளே பரணிலிருந்து எடுத்தாள். உடம்பு என் உடம்பு, அச்சு மாற்றாமல் வார்த்தது. ஒன்பதாவதில் அவள் உயரம் சரியாக அஞ்சடி. ஜூன் மாதம் அளக்கப் போன அன்று, சாயங்காலம் அழுதுகொண்டு வருவாள் என்று எதிர்பார்த்து பஜ்ஜிக்கு மாவு கரைத்து வைத்திருந்தேன். அவள் வாசலிலிருந்தே கத்தினாள்.

“யம்மா, நான் மேல!”

எனக்குப் புரியவில்லை. அஞ்சடி எப்படி அஞ்சடி நாலுக்கு மேலே போகும்? தலைமுடியைத் தூக்கிக் கொண்டை போட்டிருந்தாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். சார் கோட்டை இறக்கிவிட்டார், வயதானதும் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்குப் போய்க் கேட்டிருக்கலாம். இருபது வருஷம் அளக்கிற வேலை பார்க்கிறவளுக்கு அது தோன்றாமல் இல்லை. தோன்றியது. கேட்டால் சரிபார்த்துத் திருத்திவிடுவாரோ என்று பயந்தேன். அதற்குப் பதில் அரைக் கிலோ மிக்ஸர் வாங்கி மகளிடம் சாருக்குக் கொடுத்தனுப்பினேன். இது என் பக்கத்துத் தப்பு. எழுதியாகிவிட்டது.

அவள் இரண்டு வருஷம் பிட்சராக இருந்தாள். பத்தாவதில் அவள் வீசி அணி மண்டலக் கோப்பையை வாங்கியது. அதற்கு முன்னாலேயே சில வருஷங்களாக எங்கள் பள்ளி ஜெயித்துக்கொண்டுதான் இருந்தது. கண்ணாடி அலமாரி நிறைய கேடயங்கள். வட்டாரப் பத்திரிகை ஒன்றில் சாரின் பேட்டி வந்தது. ‘உயரம்தான் ரகசியம். என் கோட்டுக்கு மேலே இருக்கிற பெண்களை மட்டும்தான் எடுப்பேன்’ என்று சொல்லியிருந்தார். பக்கத்தில் படம். கேடயத்தோடு சார், அவர் தோள் உயரத்துக்கே நிற்கிற பிட்சர். அதைப் பத்திரிகைக்காரரும் பார்க்கவில்லை, அச்சடித்தவரும் பார்க்கவில்லை, வெட்டி ஃபிரேம் போட்டு மாட்டின சாரும் பார்க்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எப்படி இவ்வளவு பேர் கோட்டைத் தாண்டுகிறார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் கேட்டபோது, எல்லாம் சத்துணவு முட்டை என்றார்.

இந்த வருஷம் பள்ளிக்குப் புதிதாக உள்ளரங்கம் கட்டினார்கள். பழைய அறையில் இருந்த ராசியான கோடு புதுச் சுவரிலும் வேண்டும் என்று சார் ஆசைப்பட்டார். எவ்வளவு உயரத்தில் என்று பெயின்டர் கேட்டிருக்கிறார். அஞ்சடி நாலு என்று சார் நினைவிலிருந்து சொன்னார். பெயின்டர் டேப்பை எடுத்துத் தரையில் வைத்து அளந்து போட்டார். அந்தப் பள்ளியின் சரித்திரத்தில் ஒழுங்காக அளந்த ஒரே மனிதர் அவர்தான்.

ஜூன் மாதம் புதுச் சுவரில் அளந்தார்கள். போன வருஷம் மேலே இருந்த ஆறு பிட்சர்களில் ஐந்து பேர் கீழே. என் மகள் அதில் ஒருத்தி. நான் வீட்டில் அளந்தேன். அஞ்சடி ஒரு அங்குலம். வீட்டுக் கணக்கில் வளர்ந்திருக்கிறாள், பள்ளிக் கணக்கில் சுருங்கியிருக்கிறாள். ஐந்து பெண்கள் ஒரே கோடை விடுமுறையில் ஒன்றாகச் சுருங்கியது சாருக்கு ஆச்சரியமாக இல்லை. காரணம் உடனே கண்டுபிடித்தார். பெற்றோர் வாட்ஸாப் குழுவில் அறிவுரை வந்தது: நூடுல்ஸ் கொடுக்காதீர்கள், செல்போனைக் குனிந்து பார்த்துப் பிள்ளைகளுக்குக் கூன் விழுகிறது, தினமும் கம்பியில் தொங்கவிடுங்கள். என் மகள் ஒரு வாரம் மாடி ஷெட்டின் கம்பியில் தொங்கினாள். உள்ளங்கை கொப்புளம் போட்டதுதான் மிச்சம். பிளஸ் ஒன்னில் பிட்சராக இருந்தால்தான் கல்லூரிக்காரர்கள் கண்ணில் படமுடியும். அவளை மைதானத்தின் கடைசி மூலையில் நிறுத்திவிட்டு, பந்து வீச ஓர் உயரமான பெண்ணைப் போட்டார்கள். பந்து மேலே வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற பெண்.

கொக்கு இப்போது பூந்தமல்லியில் மாமனார் குடும்பத்தோடு தையல் கடை நடத்துகிறாள். பள்ளிக்கு விளையாட்டு உடை தைத்துக் கொடுப்பது அவள்தான். போன மாதம் ஒரு சனிக்கிழமை சாரின் ஓய்வு விழாவுக்கான உடைகளைக் கொண்டுவந்தாள். பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்த நான் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டேன். எல்லாவற்றையும் பழைய சாமான் அறையில் வைக்கச் சொல்லி வாட்ச்மேன் சாவி கொடுத்தார்.

முன்னால் போனவள் வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டாள். சத்தம் எனக்கே வலித்தது. துப்பட்டாவை ஒதுக்கி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வாசலை முறைத்தாள்.

“இன்னாடி இது. இதே வாசல்ல எத்தினி வருஷம் ஓடிக்கினு இருந்தேன், ஒரு நாள் இடிச்சதில்ல.”

“வளந்துட்டியோ இன்னாவோ.”

“நாப்பது வயசாவப் போவுது, இப்பத்தான் வளருவாங்க. நீ வேணா வளந்து காட்டேன், உரலு.”

நான் சிரிக்கவில்லை. கம்பெனிப் பழக்கம், கண் பூஜ்யத்தைத் தேடியது. ஸ்விட்ச் போர்டு என் விலா உயரத்தில் இருந்தது. படிக்கும்போது அது என் தோளுக்கு இருந்தது. கதவின் அடிப்பக்கம் அறுத்து எடுத்த அடையாளம். தரையில் வெள்ளை டைல்ஸ். அப்போதுதான் ஞாபகம் வந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெருமழையில் எங்கள் பக்கமெல்லாம் தண்ணீர் ஏறியபோது, இந்த அறையில் முழங்கால் அளவு நின்றது. மழைக்குப் பிறகு எங்கள் ஊரில் எல்லோரும் என்ன செய்வார்களோ அதைத்தான் பள்ளியும் செய்தது. வெளியே ரோடு உயர்ந்துவிட்டது என்று, உள்ளே இடிபாட்டு ரப்பீஸ் கொட்டித் தரையை உயர்த்தினார்கள். மூலையில் நிற்கிற இரும்பு பீரோவை நகர்த்தச் சோம்பல்பட்டு, அதைச் சுற்றிவளைத்து டைல்ஸ் போட்டிருந்தார்கள். பீரோ பள்ளத்துக்குள் நின்றது. பழைய தரை அங்கே அப்படியே தெரிந்தது.

தரை ஏறியது. சுவரில் இருந்த கோடு ஏறவில்லை.

கொக்கு கைப்பையிலிருந்து தையல் டேப்பை எடுத்தாள். துணி டேப் இழுத்தால் நீளும், வேண்டாம் என்று என் ஸ்டீல் டேப்பை எடுத்தேன். பீரோப் பள்ளத்தில் வைத்தால் பழைய தரைக்கும் புதுத் தரைக்கும் நடுவே அஞ்சு அங்குலம். டைல்ஸிலிருந்து கோட்டுக்கு நாலடி பதினொன்று. பத்து வருஷமாக அந்த அறையில் ‘மேல’ என்று பதிவான பெண்கள் எல்லோரும் நாலடி பதினொன்றைத் தாண்டியவர்கள். அவ்வளவுதான். அலமாரி நிறைய இருக்கிற கேடயங்களை வாங்கிக் கொடுத்தவர்கள் என்னை மாதிரி உரல்கள்.

“நில்லு” என்றாள் கொக்கு.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் முதுகை ஒட்டி நின்றேன். எடுத்து வைக்க ஸ்கேல் இல்லை, அங்கே கிடந்த பழைய பதிவேட்டு அட்டையைத் தலைமேல் படுக்கவைத்தாள். பார்த்தாள்.

“மேல” என்றாள்.

இருபத்து நாலு வருஷம். பந்து போடுகிற வயது போய், விரல் கோணி, முழங்கால் சத்தம் போடுகிற காலத்தில் நான் தேர்வாகிவிட்டேன். என் உயரம் மாறவில்லை. பள்ளி ரப்பீஸ் கொட்டியது. என் தகுதியில் இத்தனை நாள் குறைவாக இருந்தது ஒரு வண்டி ரப்பீஸ்தான்.

சாரை வரச்சொல்லி வாட்ச்மேனை அனுப்பினேன். அவர் குனிந்துதான் உள்ளே வந்தார். பத்து வருஷமாகக் குனிந்து வந்திருக்கிறார், ஏன் குனிகிறோம் என்று யோசித்ததில்லை. டேப்பை வைத்துக் காட்டினேன். பீரோவைக் காட்டினேன். அவர் கோட்டைக் கையால் தொட்டுப் பார்த்தார். அது அவர் தோளுக்கு இருந்தது. முகம் வெளுத்தது எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு நிமிஷம் அவர்மேல் எனக்குப் பரிதாபம்கூட வந்தது. அதற்குள் அவர் சுதாரித்துக்கொண்டார்.

“சரிம்மா. அடுத்த மாசம் ரிட்டயர் ஆவுறேன். இதப் போய் பெருசு பண்ணிகிட்டு. உன் பொண்ணு நாளைலருந்து பிட்சர். போதுமில்ல?”

மற்ற நாலு பெண்கள் என்றேன். பட்டியலை மண்டலத்துக்கு அனுப்பியாகிவிட்டது என்றார். புதுக் கோடு என்றேன். அது பாட்டுக்கு இருக்கட்டும், பெயின்ட் போன மாதம்தான் அடித்தது என்றார். கொக்கு அதுவரை நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், நான் கேட்சர் ஆவணும்னு உங்களாண்ட எத்தினி வாட்டி கேட்டேன், ஞாபகம் கீதா?”

அவருக்கு ஞாபகம் இல்லை. உயரமாக இருந்துகொண்டு எதற்கு உட்காரவேண்டும் என்று கேட்டார். இன்றைக்கும் அவருக்கு அது புரியாத கேள்விதான்.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒத்துக்கொள்ளாதே என்று சொல்ல வாய் வந்தது, மனசு வரவில்லை. கல்லூரிக்காரர்கள் வரப்போகிறார்கள். இரண்டு வருஷம் நானே சும்மா இருந்தவள். அவள் என்னைவிடத் தெளிவாக இருந்தாள்.

“யம்மா, பந்து குடுக்குறாருல்ல, வாங்கிக்கிறேன். உன் சண்டைய நீ போடு.”

நாலு நாள் பந்து வீசினாள். ஐந்தாம் நாள் முகம் செத்து வந்தாள். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ‘கீழ்’ என்று இருந்ததை அடிக்கவில்லையாம். பக்கத்தில் ‘சிறப்பு அனுமதி’ என்று எழுதியிருந்தாராம். பழைய மாணவி ஒருத்தி வந்து அழுதாள், கம்பெனியில் வேலை செய்கிற பாவப்பட்ட பெண், மனசு கேட்கவில்லை, சட்டத்தை வளைத்தேன் என்று மற்ற ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறார். பெண்கள் அவளை ‘அனுமதி’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு உரல் என்றாவது பெயர் வந்தது. உரலுக்கு ஒரு வேலை உண்டு.

“போன வருஷம் கோப்பை ஜெயிச்சேனே, அது யாரு அனுமதில?” என்று கேட்டாள். மறுநாள் அவள் பந்தைக் கொண்டுபோய்ச் சாரின் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள். கோடு தப்பு என்று எல்லார் முன்னாலும் சொன்னால் எடுத்துக்கொள்கிறேன், பரிதாபத்துக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அவள் நிற்கவேண்டிய இடத்தில் இப்போது கண்ணை மூடிக்கொள்கிற அந்தப் பெண் நிற்கிறாள். அந்தப் பெண்ணுக்கும் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. ஒரு கொக்கை நான் மூன்று வருஷம் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியும்.

நடுவில் நான் இரண்டு கடிதம் கொடுத்தேன். நிர்வாகம், விழா முடியட்டும் என்றது. விழா அழைப்பிதழ் வீட்டுக்கு வந்தது. ‘உயரமான வீராங்கனைகளை உருவாக்கிய சிற்பி’ என்று சாரின் படத்துக்குக் கீழே அச்சடித்திருக்கிறார்கள். சிற்பி உளியை எங்கே வைத்து அளந்தார் என்று போடவில்லை.

எங்கள் கம்பெனியில் கருவி தப்பு என்றால் எழுதி ஒட்டுகிறோம். நான் மிக்ஸர் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி ஒட்டிவிட்டேன். இனி உங்கள் முறை, சார்.

வருகிற சனிக்கிழமை உங்களை மேடையில் உட்காரவைத்து மாலை போடுவார்கள். கேடயங்களை மேஜையில் அடுக்குவார்கள். கல்லூரிக்காரர்களும் வருகிறார்கள் என்று அழைப்பிதழில் இருக்கிறது. நான் முதல் வரிசையில் ஸ்டீல் டேப்போடு உட்கார்ந்திருப்பேன். என் பக்கத்தில் கொக்கு இருப்பாள், மறுபக்கத்தில் என் மகள், அவளுக்குப் பின்னால் உங்கள் புதுக் கோட்டுக்குக் கீழே போன மற்ற நாலு பெண்கள். எனக்கு மன்னிப்பு வேண்டாம். என் விரல் நிமிரப்போவதில்லை. உங்கள் கையில் மைக் வரும்போது ஒரே ஒரு கேள்விக்கு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்.

அந்தக் கேடயங்களை வாங்கிக் கொடுத்த பெண்கள் எத்தனை அடி, எத்தனை அங்குலம்? மேல், கீழ் என்று சொல்லக்கூடாது. எண்ணைச் சொல்லுங்கள், சார்.